நாலு மணிக்குத் திரும்பும் பூட்ஸ்

மஞ்சப்பாறையில் ஆறு மாதம் மழை பெய்யும், மீதி ஆறு மாதம் பெய்த மழையைப் பற்றிப் பேசுவோம். பேச வேறு விஷயமே இல்லாத அப்படிப்பட்ட மலையூரில், டீக்கடைச் சங்கிலி தன் பெண்டாட்டியின் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு அதற்கு உயிர் வரவைத்துவிட்டதால், அந்த ஒரு வருஷம் மட்டும் நாங்கள் மழையை மறந்திருந்தோம்.

அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய் காட்டுக் காவலுக்குப் போகிறவள். வேட்டைக்காரர்கள் புதருக்குள் கட்டிவைக்கும் சுருக்குக் கம்பிகளைத் தேடிப்பிடித்து அறுத்தெறிவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதே வேலை, பன்னிரண்டு வருஷமாகவும் தற்காலிகம்தான். ஒருமுறை சுருக்கில் மாட்டிக்கொண்டு கத்திய காட்டுப்பன்றியை அவள் விடுவிக்கப்போக, அது போகிற போக்கில் அவளுடைய இடது கணுக்காலைக் கிழித்துவிட்டு ஓடிவிட்டது. அதற்குப் பிறகு வன இலாகா கொடுத்த கான்வாஸ் ஷூவோ கடைத்தெருச் செருப்போ எதுவும் அந்தக் காலைத் தாங்கவில்லை, ஒரே ஒரு ஜோடியைத் தவிர. எஸ்டேட் பங்களாவின் சாமான் அறையைக் காலி செய்தபோது கிடைத்த ஜோடி அது. எந்தக் காலத்திலோ துப்பாக்கி தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போன ஒரு துரைசானிக்காக அளவெடுத்துத் தைத்த, முழங்காலுக்கு நாலு விரல் கீழே வந்து நிற்கிற தோல் பூட்ஸ். மிருகங்களைக் கொல்லப் போன பூட்ஸ் இப்போது மிருகங்களைக் காப்பாற்றப் போனது, பூட்ஸுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி சங்கிலி செய்த தப்பைச் சொல்ல வேண்டும், சொல்லாமல் கதை நகராது. எங்கள் ஊர்த் தபால் எல்லாம் சங்கிலியின் கடையில்தான் வந்து விழும், அவரவர் டீ குடிக்க வரும்போது எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் வைகாசியில் வெள்ளத்தாய் பெயருக்கு இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது: நிரந்தரக் காவலர் வேலைக்கு நடைத்தேர்வு, பதினாறு கிலோமீட்டரை நாலு மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும், இன்ன தேதியில் இன்ன இடத்துக்கு வரவும். நிரந்தரமானால் ஆனைப்பள்ளத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும், ஆனைப்பள்ளம் இங்கிருந்து மூன்று பஸ் மாறிப் போகிற தூரம். சங்கிலி கடிதத்தைப் படித்தான், மறுபடியும் படித்தான், மதியச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற தன்னை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான், கடிதத்தை மடித்துச் சர்க்கரை டின்னுக்கு அடியில் வைத்துவிட்டான். கெட்டவன் இல்லை, ஆனால் செய்தது கெட்ட காரியம், இதில் எங்களுக்கு இரண்டு கருத்து கிடையாது.

தேதி போய் ஒன்பதாம் நாள் சர்க்கரை டின்னை நகர்த்தியபோது கடிதம் அவள் கையில் கிடைத்தது. கத்துவாள், டம்ளரை எறிவாள், கடையை இரண்டாக்குவாள் என்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கிளாஸோடு தள்ளி நின்றோம். அவள் படித்து முடித்து, மடிப்பு கலையாமல் மடித்து, அவன் முன்னால் மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் வாழ்வது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். வெள்ளத்தாய் தண்ணீர்க் குடத்தைப் பார்த்து, "ரேஷன்ல பருப்பு வந்துருக்காம்" என்பாள். சங்கிலி பாய்லரைப் பார்த்து, "சாயந்தரம் வாங்கிட்டு வர்றேன்" என்பான். குடமும் பாய்லரும் அந்தக் குடும்பத்தை அப்படி இழுத்துக்கொண்டு போயின. ஆனால் மன்னிப்பை ஒரு பாய்லர் வழியாகக் கேட்க முடியுமா? முடியாது என்று சங்கிலிக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கு வேறு வழி தெரியாததால், ஆனி மாதம் பிறந்து மழை பிடித்துக்கொண்ட அன்று, செருப்புத் தைக்கும் மதலைமுத்துவிடம் போய், பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான்.

மதலைமுத்து வேலையில் கறாரானவர். "மொதல்ல சேத்த வழிச்சு, ஈரத்துணியால தொடச்சு, நெழல்ல காயப்போடு. அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் கொண்டுபோன, தோலு அப்பளமா நொறுங்கிரும், அப்புறம் எங்கிட்ட வராத. தேன்மெழுகு ரெண்டு பங்கு, ஆட்டுக்கொழுப்பு ஒரு பங்கு, வெளக்கெண்ணெய் ஒரு பங்கு, வெந்நிக்குள்ள டின்ன வச்சு எளக்கு. துணியால தேய்க்காத, வெரலால தேய். வெரல்ல இருக்கற சூட்டுக்குத்தான் அது உள்ள எறங்கும். தையல் ஓடுற எடத்துல மெழுக அழுத்தி வை, நாக்கு மடியுற எடத்துல ரெண்டு தடவ. தண்ணி அங்கதான் நொழையும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"மாசம் ஒரு தடவ. அதுக்கு மேல போட்டா தோலு கொழகொழன்னு ஆயிரும், பாத்துக்கோ."

எல்லாம் புரிந்த சங்கிலிக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் காதில் ஏறவில்லை. மாதத்துக்கு ஒருமுறை மன்னிப்புக் கேட்டால் போதுமா என்ன! தினமும் நாலு மணிக்கு வெள்ளத்தாய் காட்டிலிருந்து திரும்பி, கடை வாசலில் உட்கார்ந்து, அட்டைகளை உதறி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போவாள். அவன் அதை எடுத்து மடியில் வைத்து, சேறு வழித்து, துடைத்து, விசிறியால் விசிறி ஆறவைத்து, டின்னைத் திறந்து விரலைத் தோய்த்துக் குதிகாலில் தொடங்கி மேலே வரைக்கும், தப்புதான் தாயி என்று குதிகாலுக்கும், என்னமோ புத்தி கெட்டுப்போச்சு என்று கணுக்காலுக்கும், நீ இல்லாம சோறு எறங்காதுன்னு பயந்துட்டேன் என்று நாக்கு மடிப்புக்கும், ஒவ்வோர் இடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ப்பான். ஆனி முழுக்க, ஆடி முழுக்க, ஆவணி முழுக்க, மழை ஓட்டின்மேல் கொட்டக் கொட்ட, டீ கேட்டவர்களைக் காக்கவைத்துக்கொண்டு அவன் தேய்த்தான். தோல் குடித்தது. எவ்வளவு போட்டாலும் குடித்தது.

புரட்டாசியில் பூட்ஸ் சூடாக இருப்பதைச் சங்கிலி கவனித்தான். ஐப்பசியில் குளிர்ந்த காற்றடித்தால் அதற்குப் புல்லரித்தது. தீபாவளி முடிந்த வாரம் முடி முளைத்தது, இடது பூட்ஸுக்குச் செம்பட்டையாக, வலதுக்குக் கன்னங்கரேலென்று. மதலைமுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நெனச்சேன். எடது பசுமாட்டுத் தோலு, வலது எருமத் தோலு. தச்சவன் அன்னிக்கே ஏமாத்திருக்கான், தொரைசானிக்குத் தெரியல" என்றார். உயிர் வந்ததைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, ஜோடி சேராத தோலில் தைத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளத்தாயின் நடை ஒரு தினுசாக ஆனது. வலது கால் சேறு கண்ட இடத்தில் இறங்கப் பார்க்கும், இடது கால் சேறு படாமல் ஒதுங்கி வரப்பில் ஏறும், நடுவில் அவள் இரண்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டே போவாள். ஆனாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. காட்டாற்றைக் கடந்து வந்து கழற்றினால் உள்ளே அவளுடைய பாதம் சுடச்சுட இருந்தது, விரலிடுக்கில் இருந்த பழைய சேற்றுப்புண்கூட ஆறிவிட்டது. சுருக்குக் கம்பி இருக்கும் புதருக்குப் பத்தடி முன்னாலேயே இரண்டு பூட்ஸும் கால் ஊன்றி நின்றுவிடும், இழுத்தாலும் வராது; அந்த ஒரு மாதத்தில் அவள் அறுத்த சுருக்கு நாற்பத்தொன்று. ரேஞ்சர் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். பூட்ஸையும் தட்டிக்கொடுத்தார்.

சிக்கல் நாலு மணிக்குத்தான். சரியாக நாலு அடித்ததும் இரண்டு பூட்ஸும், மற்ற நேரமெல்லாம் ஒத்துப்போகாத அதே இரண்டு பூட்ஸும், ஒரே மனதாகத் திரும்பி எண்ணெய்க்காக ஓட ஆரம்பிக்கும். வெள்ளத்தாய் எங்கே இருந்தாலும், எதைச் செய்துகொண்டிருந்தாலும், தொப்பியைப் பிடித்துக்கொண்டு உடன் ஓட வேண்டியதுதான். காட்டைத் தாண்டி, தேயிலைக்குள் புகுந்து, கோயில் வளைவில் திரும்பி, கடைத்தெரு வழியாக டகடகவென்று ஓடிவந்து, தன்னோடு பேசாத புருஷனின் கடை வாசலில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தும். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூச்சு வாங்குவாள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிபண்ணிக்கொள்வார்.

"என்ன தாயி, இன்னிக்கும் கூட்டியாந்துருச்சா?" என்று நாங்கள் கேட்போம்.

"எனக்கென்ன ஆசையா? இதுங்க இழுத்தா நான் என்ன பண்றது" என்று அவள் குடத்தைப் பார்த்துச் சொல்லுவாள்.

ஊரும் தன் பங்குக்கு ஆகவேண்டியதைச் செய்தது. தேயிலைக்குள் மாடு மேயக்கூடாது என்ற சட்டம் பூட்ஸுக்கும் உண்டா என்று எஸ்டேட் ஆபீசில் கேட்டார்கள். அது எண்ணெய்தான் குடிக்கிறது, புல் மேயவில்லை என்று தொழிற்சங்கத்தில் எழுதிக்கொடுத்தார்கள். கால்நடை டாக்டர் ஹமீதா அம்மா வந்து குழாய் வைத்துப் பார்த்தார், மேலிருந்து மூன்றாவது கயிற்று ஓட்டையின் ஓரத்தில் நாடி ஓடுகிறது என்றார், வலதின் குதிகாலில் ஒட்டியிருந்த அட்டையை எடுத்தார், தன் பதிவேட்டில் "இனம்: காலணி. உடல்நிலை: நன்று" என்று எழுதி, அதையே ஒரு சான்றிதழாகவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாட்டுப்பொங்கலுக்கு எல்லாருமாகச் சேர்ந்து இரண்டையும் குளிப்பாட்டிச் சாமந்தி மாலை போட்டோம். இடது மாலையோடு அடக்கமாக நின்றது, வலது மாலையைப் போட்டுக்கொண்டு நேராகச் சாக்கடைக்குப் போனது.

அன்றைக்குத்தான், மாலையும் கையுமாக எல்லாரும் நிற்கும்போது, தபால்காரர் வெள்ளத்தாயிடம் கடிதத்தைக் கொடுத்தார். போன வருஷத்து அனுபவத்தால் அவர் கடையில் போடாமல், ஊரைச் சாட்சி வைத்துக்கொண்டு நேராக அவள் கையிலேயே கொடுத்தார். மறுபடியும் நடைத்தேர்வு, மாசி மாதம் பத்தாம் தேதி, மலையடிவாரத்துச் செக்போஸ்ட்டில் தொடங்கி அணைக்கரை வரைக்கும். அவளுக்கு வயது நாற்பத்து நாலு, அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும், இதுதான் கடைசி. அவள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பூட்ஸைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். அந்தக் கணுக்காலுக்கு வேறு செருப்பு கிடையாது. இந்தப் பூட்ஸோ நாலு மணி ஆனால் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

சங்கிலி அன்றே மதலைமுத்துவிடம் ஓடினான். "அண்ணே, எண்ணெயை நிறுத்திட்டா பழையபடி சும்மா பூட்ஸா ஆயிருமா?"

"ஆகும். ஆனா சட்டுனு நிறுத்துனா வெடிச்சுரும். குடிச்சுப் பழகுன தோலு. கொஞ்சங்கொஞ்சமாக் கொறைக்கணும், ஆறு மாசம் புடிக்கும். நான் சொன்னேனா இல்லையா, மாசம் ஒரு தடவன்னு?"

ஆறு மாசம் எங்கே இருக்கிறது, ஒன்றரை மாதம்கூட இல்லை. ஒருநாள் மட்டும் நிறுத்திப் பார்த்தான். பூட்ஸ் இரண்டும் வாசலில் நின்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அவனைத் திட்டினார்கள், வெள்ளத்தாய் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாள், அவன் டின்னை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தேர்வு காலை ஆறு மணிக்கு என்று கடிதத்தில் இருந்தது ஒன்றுதான் ஆறுதல். ஆறுக்குத் தொடங்கினால் பத்துக்கு முடிந்துவிடும், நாலு மணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மாசி பத்தாம் தேதி அவள் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தாள், அவன் கடைசி சீட்டில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வா என்று அவள் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. துணைக்குப் போன எங்களில் நாலைந்து பேர் நடுவில் உட்கார்ந்திருந்தோம்.

செக்போஸ்ட்டில் முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆறு அடித்தது, ஏழு அடித்தது, தேர்வு நடத்த வேண்டிய பெரிய அதிகாரியின் ஜீப் வழியில் நின்றுவிட்டது என்றார்கள். ஒன்பது, பத்து, பதினொன்று. அதிகாரி வந்து சேர்ந்து, பெயர் சரிபார்த்து, பூட்ஸில் முடி இருப்பதைக் கண்டு சந்தேகப்பட்டு, இது விலங்கின்மேல் ஏறிப் போவதாக ஆகாதா என்று கேட்டு, வெள்ளத்தாய் ஹமீதா அம்மாவின் சான்றிதழை நீட்ட, "இனம்: காலணி" என்பதை வாய்விட்டுப் படித்துத் திருப்தியடைந்து, விசில் ஊதியபோது மணி சரியாக ஒன்று.

சங்கிலி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். மணிக்கு நாலு கிலோமீட்டர் வீதம் போனால் நாலு மணிக்குப் பன்னிரண்டு. மிச்சம் நாலு. அந்த இடத்தில் பூட்ஸ் திரும்பும், மஞ்சப்பாறை மலையைப் பார்த்து ஓடும், அவளுடைய வேலை இரண்டாவது தடவையும் அவனால் போகும். இந்தத் தடவை எந்தக் கடிதத்தையும் ஒளிக்காமலேயே போகும்.

"அதுங்க எதைத் தேடி ஓடியாருது?" என்று அவன் திடீரென்று எங்களைக் கேட்டான். "கடையையா, டின்னையா?"

எங்களுக்கு எப்படித் தெரியும்? எட்டு மாதமாக நாலு மணிக்குக் கடையும் டின்னும் அவனும் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான், டின்னைத் துண்டில் சுற்றினான், அந்தப் பக்கம் போன பால்காரரின் மொபெட்டை மறித்துப் பின்னால் தொற்றிக்கொண்டான். நாங்கள் இன்னொரு வண்டி பிடித்துப் பின்னாலேயே போனோம். வழியில் வெள்ளத்தாயைத் தாண்டினோம், அவள் முன்வரிசையில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தாள், வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அவள் எங்களைப் பார்க்கவில்லை. கண் ரோட்டில் இருந்தது.

பன்னிரண்டாவது கல்லில் சங்கிலி இறங்கி நடுரோட்டில் நின்றான். நாலு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வளைவில் அவள் தெரிந்தாள். நாலு அடித்தது. இரண்டு பூட்ஸும் அப்படியே நின்றன, வெள்ளத்தாய் முன்னால் ஒரு குலுங்கு குலுங்கினாள். பூட்ஸின் முனை இரண்டும் மெதுவாக மலைப்பக்கம் திரும்பியது. அவள் தொடையைப் பிடித்து அழுத்தினாள், குனிந்து கெஞ்சினாள், அவள் வாயிலிருந்து வந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை நாங்கள் யாரும் இன்றுவரை மறக்கவில்லை.

சங்கிலி டின்னைத் திறந்து உயர்த்திப் பிடித்தான். பூட்ஸ் சட்டை செய்யவில்லை. டின்னை ஆட்டினான், மூடியால் தட்டினான், ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அவன் பயத்தில் வாய்விட்டு, எட்டு மாதமாக எண்ணெயோடு சேர்த்துத் தேய்த்ததையெல்லாம் நடுரோட்டில் உரக்கச் சொன்னான்: "தப்புதான் தாயி! புத்தி கெட்டுப்போச்சு! நீ இல்லாம சோறு எறங்காதுன்னு பயந்துட்டேன்!"

பூட்ஸ் திரும்பின. இரண்டும் ஒரே மனதாக, கன்றின் குரல் கேட்ட மாடு மாதிரி, அவனைப் பார்த்து ஓடிவந்தன.

சங்கிலிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது, ஆனால் நின்று சந்தோஷப்பட நேரம் இல்லை. கிட்டே வந்து சேர்ந்தால் பூட்ஸ் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துவிடும், அதற்குப்பின் எண்ணெய் போட்டு முடிக்காமல் அசையாது. அவன் திரும்பி ஓடினான். பாய்லர் முன்னால் நின்று நின்று மூட்டு தேய்ந்த, தொந்தி போட்ட, விவரம் தெரிந்த நாளிலிருந்து ஓடியே அறியாத ஐம்பது வயது ஆள், ரப்பர் செருப்பு தடதடக்க, டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தப்புதான் தாயி, தப்புதான் தாயி என்று கத்திக்கொண்டே முன்னால் ஓட, பின்னால் அவன் பெண்டாட்டியைச் சுமந்துகொண்டு பூட்ஸ் துரத்த, அதற்குப் பின்னால் அதிகாரியின் ஜீப் வர, முன்னால் ஆள் ஓடக்கூடாதென்று விதியில் எங்காவது இருக்கிறதா என்று அதிகாரி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார். இல்லை. பதின்மூன்றாவது கல், பதினாலாவது கல். ரோட்டோரத்தில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெண்டாட்டி புருஷனை விரட்டுகிறாள் என்று முடிவுகட்டி அவளுக்குக் கை தட்டினார்கள்.

பதினைந்தாவது கல் தாண்டியதும் ஒரு தரைப்பாலம். அணையிலிருந்து கசிகிற தண்ணீர் அதன்மேல் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது, அடியில் பச்சைப் பாசி. சங்கிலி அதைக் கவனிக்கவில்லை, அவனுக்குக் கண்ணே இருட்டிக்கொண்டு வந்தது. அவன் காலை வைக்கப் போனான்.

"ஏங்க! பாசி இருக்கு, பாத்துப் போங்க!"

எட்டு மாதம். எட்டு மாதத்துக்குப் பிறகு, குடத்திடம் இல்லை, சுவரிடம் இல்லை, அவனிடம். சங்கிலி அப்படியே நின்றுவிட்டான். திரும்பி அவளைப் பார்த்தான், பூட்ஸ் பாய்ந்து வந்துகொண்டிருந்தது.

"நிக்காதீங்க! ஓடுங்க!" என்று கத்தினாள் வெள்ளத்தாய்.

ஓடினான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பாசியில் வழுக்கி, முட்டி போட்டு விழுந்து, டின்னை மட்டும் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்து, எழுந்து ஓடினான். பின்னால் பூட்ஸ் அந்தத் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது, தண்ணீர் அதன்மேல் சேப்பங்கிழங்கு இலையில் ஓடுகிற மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது, ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அணைக்கரையில் கட்டியிருந்த கயிற்றை முதலில் தாண்டியது சங்கிலி, அவனுக்குப் பரிசு ஒன்றும் கிடையாது. அடுத்துத் தாண்டியது வெள்ளத்தாய். பதினோரு நிமிஷம் மிச்சம் இருந்தது.

கரைமேல் அவன் காலை நீட்டி உட்கார்ந்தான், பூட்ஸ் அவன் மடியில் ஏறியது, அதனால் அவளும் எதிரே உட்கார வேண்டியதாயிற்று. முட்டியில் ரத்தம் வழிய அவன் விரலைத் தோய்த்துத் தேய்க்க ஆரம்பித்தான். நாங்கள் தள்ளி நின்று அணையைப் பார்ப்பது மாதிரி நின்றோம், காது மட்டும் அங்கே இருந்தது.

"ஆனைப்பள்ளத்துலதான் போடுவாங்க" என்றாள் அவள்.

"தெரியும்."

"சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"வடிப்பேன். சாப்புடுவேன். எறங்கலன்னா தண்ணியக் குடிச்சு எறக்கிக்குவேன். நீ போ தாயி."

அவள் முந்தானையைக் கிழித்து அவனுடைய முட்டியில் கட்டினாள். இறுக்கிக் கட்டினாள், அவன் கத்துகிற அளவுக்கு. எட்டு மாதக் கோபத்தில் மிச்சம் இருந்ததெல்லாம் அந்த முடிச்சில் போயிற்று என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பங்குனியில் அவள் ஆனைப்பள்ளத்துக்குப் போனாள். அவனால் தினமும் அங்கே போய் எண்ணெய் போட முடியாதே, அதனால் மதலைமுத்து சொன்ன கணக்குப்படி அவளே போட்டுக்கொண்டாள்: தினமும் இருந்தது நாள்விட்டு நாள் ஆகி, வாரம் ஆகி, மாதம் ஆனது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்கு அவள் கடைத்தெருவில் டகடகவென்று வந்து சங்கிலியின் கடை வாசலில் நிற்பாள். மூன்று பஸ் மாறி வந்தவள் மாதிரி இருக்காது, காட்டிலிருந்து ஓடிவந்தவள் மாதிரிதான் இருக்கும். கம்பவுண்டர் கடிகாரத்தைச் சரிபண்ணிக்கொள்வார்.

"என்ன தாயி, கூட்டியாந்துருச்சா?"

"இதுங்க விட்டாத்தானே! சனிக்கெழம ஆனா இழுக்க ஆரம்பிச்சுருது" என்பாள், இப்போது எங்கள் முகத்தைப் பார்த்தே.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை தையல் விட்டுப்போன வலது பூட்ஸை அவள் மதலைமுத்துவிடம் கொடுத்தாள். அவர் கையில் வாங்கினார், திருப்பினார், மூன்றாவது ஓட்டையின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். முடி உதிர்ந்து மாதக்கணக்காகிவிட்டிருந்தது. நாடி இல்லை, சூடு இல்லை. நல்ல, கெட்டியான, தண்ணீர் இறங்காத வெறும் தோல். எத்தனையோ சனிக்கிழமைகளாக அவளை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை. மதலைமுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார், கடை வாசலில் டின்னோடு காத்திருந்த சங்கிலியைப் பார்த்தார், மெழுகு தடவிய நூலில் நாலு தையல் போட்டு, "இது இன்னும் ரொம்ப நாளைக்கு இழுக்கும்மா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளத்தாய் கடை வாசலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சங்கிலி பூட்ஸைக் கழற்றி, துடைத்து, ஆறவைத்து, டின்னில் ஒரே ஒரு விரலைத் தொட்டு, மாதக் கணக்குக்கு உள்ள அளவு மட்டும் மெல்லிசாகத் தடவி ஓரமாக வைத்தான். விரலில் மிச்சம் இருந்ததை, பன்றி கிழித்த அந்தத் தழும்பின்மேல், அவளுடைய கணுக்காலில் தேய்த்துவிட்டான்.